சிஸ்டர் பதில்கள்: கேட்டுப் பார்ப்பதும் தொட்டுப் பார்ப்பதும்

போன இதழில், "நர்ஸ் உங்களை உட்காரவைத்து விசாரித்து, உடம்பைப் பரிசோதித்துப் பார்த்த அனுபவம் உண்டா? சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி நோயாளிகளுடையது, மீதி நம் செவிலியர் பிள்ளைகளுடையது. ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் கடிதத்தில் பதில் இருக்கிறது என்பதால் பிரிக்காமல் கலந்தே போட்டிருக்கிறேன். வழக்கம்போல ஊர் மட்டும்தான், பெயர் கிடையாது.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி.யாக (இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்) இருக்கிறேன். நோயாளியின் வரலாற்றை முழுதாகக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். காலையில் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. பேச விட்டால் மருமகள் சண்டை வரைக்கும் போகிறார்கள், சிஸ்டர். (விருதுநகர் மாவட்டம்)

போகட்டும் தங்கச்சி. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, மாத்திரையை நான்கு நாளாகத் தொடவில்லை என்பதெல்லாம் அந்தச் சண்டைக்குள்தான் இருக்கும்.

நாம் பயப்படுகிற அளவுக்கு யாரும் பேசுவதில்லை. சுவிட்சர்லாந்தில் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நோயாளி தானாக நிறுத்தும்வரை டாக்டர் குறுக்கே பேசக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. 335 பேர் பேசினார்கள். சராசரி 92 நொடி. நூற்றுக்கு 78 பேர் 2 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். 2002-ல் வெளிவந்த ஆய்வு இது. 1984-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், டாக்டர்கள் சராசரியாக 18-வது நொடியிலேயே நோயாளியின் பேச்சை வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. வெட்டுப்பட்ட பேச்சு எங்கே போகும்? எழுந்து வாசல்வரை போய், கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் சிஸ்டர், இன்னொண்ணு…" என்று திரும்பும். அந்த 'இன்னொண்ணு'க்காகத்தான் பல பேர் வந்தே இருப்பார்கள். அதை மறுபடி உட்காரவைத்துக் கேட்கிற நேரத்தைக் கணக்குப் போட்டால், முதலிலேயே பேசவிடுவது மலிவு.

1975-ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு. முதல்முறையாக வந்த 80 வெளிநோயாளிகள். அதில் 66 பேருக்கு, அவர்கள் சொன்னதைக் கேட்டு முடித்ததுமே டாக்டர் முடிவு செய்த நோய்தான் கடைசிவரை நிலைத்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, ரத்தம், எக்ஸ்ரே போன்றவற்றால் மாறியது 7 பேருக்கு. ஸ்கேன் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் உங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஸ்கேன் இல்லையே! நாற்காலியும் காதும்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். பதிவேட்டையும் டேப்லெட்டையும் ஓரமாகத் தள்ளிவையுங்கள். "சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?" என்று ஒரே கேள்வி. முடித்ததும் "வேற?" என்று கேளுங்கள். மறுபடியும் "வேற?". மூன்றாவது தடவை "அவ்வளவுதான்" என்று வரும். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள். முதல் வரியில் அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி" என்றால் அப்படியே. நீங்களாக 'வாயுத் தொல்லை' என்று மாற்றி எழுதினால், அடுத்துப் பார்க்கிறவரும் அதையே நம்பிவிடுவார்.

இதைச் சொன்னதும் எனக்கு எங்கள் வார்டு ஞாபகம் வருகிறது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நான் இப்படித்தான் காட்டிக்கொடுப்பேன். ஐம்பது தாண்டிய ஒரு பெரியவர், வயல் வேலை.

"வாய்வு புடிச்சிருக்கும்மா. சோடா குடிச்சேன், கேக்கல."

"எங்கய்யா புடிக்குது? கை வச்சுக் காட்டுங்க."

விரலால் தொட்டுக் காட்டவில்லை. முஷ்டியை மடக்கி நெஞ்சு நடுவில் வைத்தார்.

"எப்பப்ப வருது?"

"பம்புசெட்டுக்கு மேடு ஏறுனா வரும். நின்னா போயிரும். இன்னிக்கு நின்னும் போகல."

"வேற எங்கயாச்சும் இழுக்குதா?"

"தாடைல. பல்லு வலின்னு நெனச்சேன்."

அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. படுக்கவைத்து உடனே இ.சி.ஜி. எடுத்தோம். மேடு ஏறினால் வருகிற, நின்றால் போகிற வாய்வு எதுவும் கிடையாது. இப்போது உங்கள் நிலையத்திலேயே, 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் அந்த டப்பாவைத் திறக்க வைப்பது "எங்கய்யா புடிக்குது?" என்ற கேள்விதான்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். தேதி கேட்டால் நம் ஜனங்களுக்குத் தேதி வராது, விசேஷம் வரும். கர்ப்பிணியிடம் மாதவிலக்கு பற்றி "கடைசியா எந்தத் தேதியில குளிச்சீங்க?" என்று கேட்டு முழிக்கவைக்காதீர்கள். "ஆடிப்பெருக்குக்கு முன்னயா பின்னயா? அன்னிக்கு கோயிலுக்குப் போனீங்களா, வீட்டிலேயே இருந்தீங்களா?" என்று கேளுங்கள். போகாமல் இருந்தால் ஏன் என்று அவளே சொல்வாள். கையில் தமிழ் காலண்டர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கூட வந்தவர். மாமியாரோ கணவரோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதையும் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் எடை பார்க்க, சிறுநீர் எடுக்க என்று ஏதாவது சாக்கில் அந்தப் பெண்ணை இரண்டு நிமிடம் தனியாகக் கூட்டிப்போய், கேட்டதையே மறுபடி கேளுங்கள். பதில் மாறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மூட்டு வலிக்குப் போனேன். அந்த நர்ஸம்மா முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் மலம் என்ன நிறம், ஒன்றுக்கு எத்தனை தரம், வெற்றிலை போடுவேனா, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டுக்கொண்டே போனார். முட்டிக்கும் வெற்றிலைக்கும் என்ன சம்பந்தம்? (கும்பகோணம்)

கும்பகோணத்துக்காரர் வெற்றிலையை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும்! எல்லாமே முட்டிக்காக இல்லை, ஆனால் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது ஐயா.

முட்டி வலிக்காரர்கள் எங்களிடம் வருவதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார்கள். மாதக்கணக்கில். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் வயிற்றில் ரத்தம் கசியவைக்கும், அப்போது மலம் தார் மாதிரி கருப்பாகும். சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும். நிறத்தையும் ஒன்றுக்குப் போவதையும் கேட்டது அதற்காக. மலம் கருப்பு என்று நீங்கள் சொல்லியிருந்தால், "சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று அடுத்துக் கேட்டிருப்பார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

வெற்றிலையோடு புகையிலையும் சேர்ந்தால், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்போம். கன்னத்தின் உள்புறம், நாக்கின் ஓரம், நாக்கைத் தூக்கினால் அடியில். வெள்ளைத் தடிப்பு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்று. வாய்ப் புற்றுநோய் வலிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் எல்லோருக்குமாக ஒரு வேண்டுகோள். "ரோஸ் கலர், சின்னது, காலையில ஒண்ணு" என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டையையும், தீர்ந்துபோன அட்டை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து, கஷாயப் பொடி, லேகியம், பக்கத்து வீட்டம்மா கொடுத்தது, எல்லாமே. திட்டுவார்கள் என்று பயந்து லேகியத்தை மறைக்கிறவர்கள்தான் அதிகம். திட்டுகிற நர்ஸிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதை நர்ஸ்களும் படித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தாலே பாதி நோய் விலகும். மாதக்கணக்கில் வறட்டு இருமல், சிரப்பாகக் குடித்துத் தீர்த்துவிட்டார் ஒருவர். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், அதையும் செய்தாகிவிட்டது, இல்லை. பையில் பிரஷருக்கான எனலாபிரில் இருந்தது. அந்த மாத்திரை சிலருக்கு இருமலைக் கொண்டுவரும். டாக்டரிடம் அனுப்பி மாத்திரையை மாற்றியதும் இருமல் போய்விட்டது. அதுபோலவே அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்குக் கணுக்கால் வீங்கலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 குறைந்து கால் மரத்துப்போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பையோடு வாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டுக்கு வந்து பார்க்கிற அக்கா பிரஷர் 150 என்கிறார். ஆஸ்பத்திரியில் 132 என்கிறார்கள். எந்த மிஷின் பொய் சொல்கிறது? (கிருஷ்ணகிரி)

'மக்களைத் தேடி மருத்துவம்' உங்கள் மாவட்டத்தில் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியது, நினைவிருக்கிறதா? வீடு தேடி வருகிற அந்த அக்காவின் மிஷின் மேல் பழி போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள்: அவர் வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து, திண்ணையில் சாயாமல் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, கையைக் கீழே போட்டபடி அக்காவோடு பேசிக்கொண்டே பார்த்திருந்தால், இவை ஒவ்வொன்றும் பிரஷரைக் கூட்டிக் காட்டும்.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது. கை ஒரு மேசை மேல், நெஞ்சு உயரத்துக்கு. ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி கூடாது. பட்டையை வெறும் கையில் சுற்ற வேண்டும். ரவிக்கைக் கையை இறுக்கமாகச் சுருட்டி ஏற்றினால் அதுவே ஒரு பட்டை மாதிரி நெரிக்கும், தளர்வான ரவிக்கை போட்டுக்கொள்ளுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் கூட்டிக் காட்டும். முக்கியமாக, வாயை மூடிக்கொள்ள வேண்டும், அக்காவும்தான். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, எது அதிகமோ அந்தக் கையையே பிறகு பயன்படுத்துவது முறை. இத்தனைக்குப் பிறகும் 150 வந்தால் மிஷின் பொய் சொல்லவில்லை.

கேள்வி: மேடம், எல்லா இடத்திலும் பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்று வரிசை. வயிற்றுக்கு மட்டும் ஏன் மாறுகிறது? பரீட்சையில் எழுதிவிட்டேன், காரணம் புரியவில்லை. (நர்சிங் மாணவி, திருச்சி)

வயிற்றை அமுக்கிவிட்டால் குடல் புரண்டுகொடுக்கும், சத்தம் மாறிவிடும். அதனால் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பை வை, கேள். அதற்குப் பிறகு தட்டு, கடைசியாகத் தொடு. சத்தமே இல்லை என்று எழுதுவதற்கு முன் 5 நிமிடம் கேட்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. முழு 5 நிமிடம் கேட்கிற பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தொடும்போது நான்கு விஷயம். நோயாளி முழங்காலை மடித்துப் படுத்திருக்கட்டும், வயிறு இளகும். உன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். எங்கே வலி என்று முதலிலேயே கேட்டு, அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள். உன் கண் வயிற்றின் மேல் இருக்கக் கூடாது, அவர் முகத்தின் மேல் இருக்க வேண்டும். "வலிக்குதா?" என்று கேட்டால் வெட்கப்பட்டு "இல்லை" என்பார்கள், புருவம் பொய் சொல்லாது.

தட்டிப் பார்க்கிற பழக்கத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஆவென்பிருக்கர் என்கிற ஆஸ்திரியக்காரர், 1761-ல் எழுதினார். அப்பா சத்திரம் நடத்தியவர். ஒயின் பீப்பாயில் எதுவரை சரக்கு இருக்கிறது என்று அவர் தட்டிப் பார்ப்பதைப் பார்த்துத்தான் பையனுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அந்த இடம் மட்டும் மொத்தென்று கேட்கும். முதலில் ஒரு நல்ல நெஞ்சைத் தட்டிப் பழகு. ஹாஸ்டலில் ரூம்மேட் எதற்கு இருக்கிறாள்?

கேள்வி: நான் ஆண் செவிலியர். பெண் நோயாளிகளின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. சேலைக்கு மேலேயே வைத்துவிடுகிறேன். சரியா சிஸ்டர்? (நீலகிரி)

தயக்கம் சரி, சேலைக்கு மேலே வைப்பது சரியில்லை தம்பி. துணி உரசுகிற சத்தமும் நுரையீரலில் வருகிற நொறுநொறு சத்தமும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். பட்டுச்சேலையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் தயக்கத்துக்கு நல்ல முன்னோடி இருக்கிறார். 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் லேனெக் என்ற டாக்டருக்கு இதே சங்கடம் வந்தது. இதய நோயோடு வந்த இளம்பெண். நேராக நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதுதான் அப்போது வழக்கம். கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சில் வைத்துக் கேட்டார், காதை வைத்ததைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: என்ன செய்யப்போகிறேன், எதற்காக என்று தொடுவதற்கு முன்பே சொல்லுங்கள். "நெஞ்சுச் சளி எங்க இருக்குன்னு கேக்கணும்மா, முதுகுல வச்சுப் பாக்குறேன், சரியா?" அவர் தலையாட்டட்டும். ஒரு பெண் பணியாளர் பக்கத்தில் இருக்கட்டும், திரையை இழுத்துவிடுங்கள். முதுகில் இருந்து ஆரம்பியுங்கள், நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க அங்கேதான் கிடைக்கும், அவருக்கும் கூச்சம் குறையும். முன்பக்கம் வேண்டியிருந்தால் முந்தானையை அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஓரமாக உள்ளே வைத்துக் கேளுங்கள். வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கட்டும், முடிந்ததும் நீங்களே மூடிவிடுங்கள். பெண் செவிலியர்களுக்கும் இதையே சொல்வேன். பெண்ணுக்குப் பெண்தானே என்று வார்டு நடுவில் திரையில்லாமல் துணியை விலக்குகிறவர்கள் நம்மில் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 30 வயது தாண்டிய பெண்கள் வரத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே நடப்பதெல்லாம் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு எழும்புகிறதா என்று பார்ப்பதுதான். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி, இருமல். நர்ஸ் சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தையைத் தொடாமல், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "ஒன்றுமில்லை, தாய்ப்பால் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஆன்டிபயாட்டிக் கூடத் தரவில்லை. இது என்ன வைத்தியம்? (தர்மபுரி)

நல்ல வைத்தியம் அம்மா. அவர் கடிகாரத்தையும் உங்கள் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். தொட்டால் குழந்தை அழும், அழுதால் எண்ணிக்கை கெட்டுவிடும். அதனால்தான் உங்கள் மடியிலேயே இருக்கவிட்டுப் பார்த்தார்.

2 மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலேயோ தொட்டால் வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு 50-க்குக் கீழே இருந்திருக்கும். கூடவே, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பார்த்திருப்பார். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் சளி, அதற்கு ஆன்டிபயாட்டிக் எந்த நன்மையும் செய்யாது.

ஆனால் வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது இருக்கிறது. பால் குடிக்கவே முடியவில்லை, எது கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, மூச்சு வேகமாகிறது, நெஞ்சு குழி விழுகிறது: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம் எல்லோருக்கும் வருவதுதானே? கிராம சுகாதார செவிலியர் மெட்டியைக் கழற்றச் சொல்லிப் பயமுறுத்துகிறார். (சிவகங்கை)

சாயங்காலம் கணுக்காலில் வந்து, காலையில் வடிந்துவிடுகிற வீக்கம் பலருக்கு வரும். ஆனால் காலையில் எழும்போதே மெட்டி இறுகுகிறது, வளையல் கழற்ற முடியவில்லை, முகம் உப்பலாக இருக்கிறது என்றால் வேறு கதை. அவர் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்திருப்பார். பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ, சிறுநீரில் புரதம் இருந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றுகிற அறிகுறி. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மெட்டியைக் கழற்றச் சொன்னது விரல் நெரிபடாமல் இருக்க. வளைகாப்பு வளையலைப் பற்றியும் அவர் ஏதாவது சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிற என் அண்ணி 'நர்ஸ் பிராக்டிஷனர்'. அவரே பார்த்து அவரே மருந்து எழுதுகிறார். நம் ஊரில் உண்டா? (கோயம்புத்தூர்)

அங்கே அது 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். டாக்டர் கிடைக்காத ஊர்களில் குழந்தைகளைப் பார்க்கப் பொதுச்சுகாதார செவிலியர்களைத் தயார்செய்வதுதான் நோக்கம். ஃபோர்டு அம்மா 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில்தான் மறைந்தார். இப்போது அங்கே எல்லா மாநிலத்திலும் இவர்கள் மருந்து எழுதலாம், பல மாநிலங்களில் அதற்கு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும்.

இங்கே இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வைத்திருக்கிறது, இரண்டு வருட எம்.எஸ்சி. பிரசவத்துக்கென்று 18 மாதப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் உங்கள் அண்ணி மாதிரி தனியாக போர்டு மாட்டி மருந்து எழுத முடியாது. பரிசோதிக்கிற கல்வியைக் கொடுத்துவிட்டு, அதன் முடிவை எழுதுகிற அதிகாரத்தைத் தயங்கித் தயங்கிக் கொடுக்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. போன தடவை நர்ஸ் "செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தைப் பார்க்கணும்" என்றதற்கு, "காலில் ஒன்றும் வலி இல்லை" என்று மறுத்துவிட்டார். ஒரு பெண்ணிடம் காலை நீட்டுவது மரியாதை இல்லையாம். (திருவண்ணாமலை)

வலி இல்லை என்பதுதான் அம்மா கவலை! சர்க்கரையில் நரம்பு கெட்டால் முதலில் போவது உணர்ச்சி. கிரிவலம் போவாரா? வெயிலில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் போட்டதே தெரியாமல் வீட்டுக்கு வந்தவர்களை உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

நர்ஸ் பார்ப்பது இதைத்தான். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறதா, குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா, நகம் சதைக்குள் இறங்கியிருக்கிறதா. பாதத்தின் மேலேயும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி கிடைக்கிறதா. பிறகு மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. முதலில் கையில் வைத்து "இப்படித்தான் இருக்கும்" என்று காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே வைத்துக் கேட்பார்கள். கையில் தெரிந்தது காலில் தெரியவில்லை என்றால் அவருக்கே புரிந்துவிடும், நாம் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாகச் செருப்புக்குள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்போம், ஆணி முனை, கல், தூக்கிக்கொண்டிருக்கிற தையல் ஏதாவது இருக்கிறதா என்று.

காலை நீட்டுவது மரியாதையில்லை என்றால், நர்ஸிடம் சொல்லி முக்காலி போட்டு அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், இன்று ராத்திரி அவர் டி.வி. பார்க்கும்போது நீங்களே டார்ச்சும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தை அதன்மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். புண்ணோ, நிறம் மாறிய இடமோ, ஒரு கால் மட்டும் சூடாகவோ இருந்தால், மறுநாள் காலையிலேயே கூட்டிப்போங்கள்.